ஆறாம் எண் வளவின் குற்றப் பட்டியல்

ஒன்று: 1966, சித்திரை மாதம், கிணற்று வாய்க்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியது. இரண்டு: 1969, ஆறு குடும்பத்துக்கும் பொதுவான கக்கூஸின் கதவைக் கழற்றி எடுத்துப் போனது. மூன்று: 1972, வாங்கிய வாடகைக்கு ரசீது கொடுக்க மறுத்தது. நான்கு: 1975, ஐப்பசி அடைமழையில், பழுது பார்ப்பதாகச் சொல்லி ஐந்தாம் வீட்டின் ஓட்டைப் பிரித்துவிட்டுத் திரும்ப வேயாமல் போட்டது. ஐந்து: 1978, முன்னறிவிப்பு இல்லாமல் மின்சாரத்தைத் துண்டித்தது. ஆறு: 1980, குடியிருப்போரை வெளியேற்ற வழக்குப் போட்டது.

ஆறு வரைக்கும் கை தானாக ஓடியது. ஏழு என்று எழுதிப் புள்ளி வைத்ததும் பேனா நின்றுகொண்டது. ராஜாங்கம் அதை உதறிப் பார்த்தார், மை இருந்தது. நாற்பத்து மூன்று வருடமாக இதே நாளில், இதே ஜன்னலோரத்தில், போன வருடத்துத் தாளை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வலப்பக்கத்துப் புதுத் தாளில் அவர் பிரதி எடுத்து வருகிறார். ஜெராக்ஸ் எடுத்தால் ஆகாதா என்று குடித்தனக்காரர் சங்கத்துப் பொருளாளர் முனியசாமி ஒருமுறை கேட்டதற்கு, அநியாயத்தைக் கையால்தான் எழுத வேண்டும், மிஷின் எழுதினால் மிஷினுக்குத்தான் கோபம் வரும் என்று சொன்னார். அது கூட்டத்தில் எடுபட்டது. அவர் சொல்வதெல்லாம் கூட்டத்தில் எடுபடும். அதுதான் தன் வியாதி என்று எழுபத்தெட்டாவது வயதில், இன்று காலையில், காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குத் தோன்றுகிறது. தோன்றியதை உடனே ஒரு கூட்டத்தில் சொன்னால் எப்படி எடுபடும் என்றும் கூடவே தோன்றுகிறது. வெளியே முனியசாமி மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். பத்து மணிக்கு வளவு வாசலில் வாசிப்பு. வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஆறு குடித்தனம், நடுவில் கிணறு, மேற்கே ஒரு நீளச் சுவர். சுவர் இருந்தது. இப்போது அங்கே தகரம். வாசிப்புக்கு ஒரு முறை உண்டு, அதையும் அவர்தான் கோர்ட்டுக் காகிதங்களைப் பார்த்து வகுத்தார். ஏழு குற்றத்தையும் வரிசை மாறாமல் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்து, 'மேற்கண்டவற்றுக்குப் பொறுப்பாளி' என்று சொல்லி ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். நின்று கேட்டவர்களில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் சாட்சி எப்போதும் தமயந்தி. கையெழுத்துப் போடத் தெரிந்த வயதிலிருந்து அவள்தான். அந்தச் சுவர் விழுந்து செத்த பஞ்சவர்ணத்தின் மகள்.

இன்றோடு இது முடிகிறது. புதுச் சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத குடித்தனம் குடித்தனமே இல்லை என்கிறது. அறுபதாம் வருடத்துச் சட்டத்தை ரத்து செய்த பிறகு ராஜாங்கத்திடம் என்ன இருக்கிறது? பக்கத்துக்குப் பக்கம் மனப்பாடமான ஒரு செத்த சட்டம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். மில் வாசலில் விற்ற சிறு பிரசுரங்களைக் கடலைப் பொட்டலம் பிரித்துப் படிப்பதுபோலப் படித்துப் படித்து, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் எந்தப் பிரிவு எந்த அநியாயத்துக்கு மருந்து என்று வக்கீல்களுக்கே சொல்கிற அளவுக்கு வந்தவர். வாடகை நீதிமன்றம் ஒரே மாதத்தில் உத்தரவு போட்டுவிட்டது. பதினோரு மணிக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும். சொத்து இன்னமும் வீட்டுக்காரி டீச்சரம்மா பெயரில்தான் இருக்கிறதாம், கையெழுத்துக்காக அவளைத் தம்பி மகன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருகிறானாம். காப்பி கொண்டுவந்து வைத்த தமயந்தி இதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். நாற்பத்தேழு வயது, முன் நெற்றி அப்படியே அவள் அம்மா. "இத்தனை வருசமும் அவ இல்லாமத்தான வாசிச்சோம் பெரியப்பா. இன்னைக்கு அவ காதுல விழுகட்டும். அவளும் கேக்கட்டும்" என்றாள். சத்தம்கூட உயரவில்லை. ஒரு பண்டிகைக்குப் பலகாரம் என்ன செய்யலாம் என்று கேட்கிற குரல். அவர் தலையை ஆட்டினார். அவள் போன பிறகும் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

ஒன்று உண்மை. அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. சித்திரை வெயிலில் டீச்சரம்மாவின் அப்பா, ஊரெல்லாம் சாயக்கடை முதலாளி என்று சொன்ன அந்த மனிதர், கிணற்றைப் பூட்டிவிட்டுச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போனார். இருபது வயது ராஜாங்கம் வலையின் கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் கீழே வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்த வலையை அறுத்த ரம்பத்தின் சத்தம்தான் சங்கத்தின் முதல் சத்தம். இரண்டும் உண்மை. பொம்பளைகள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்கொருத்தி காவல் நின்ற நாட்களை நினைத்தால் இப்போதும் கழுத்து நரம்பு புடைக்கிறது. மூன்று, ஐந்து, எல்லாம் உண்மை. எழுதும்போது எழுத்து சாயவில்லை பார். ஆனால் நான்கு. நான்கும் உண்மைதான், ஆனால் இந்த நான்குதான் எல்லாவற்றுக்கும் தாய். ஓட்டைப் பிரித்தது முதலாளி இல்லை, முதலாளி அனுப்பிய கொத்தனார். பழுது பார்க்க வந்தேன் என்று சொல்லி ஏணி போட்டு ஏறியவன். ஐந்தாம் வீட்டுக்காரர்கள் நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு அதே வாரம் வெளியேறினார்கள், அங்கே வேறு குடித்தனம் வந்தது பிறகுதான். ஊரெங்கும் இதே உபாயம். சட்டப்படி துரத்த முடியாதா, கொத்தனாரை அனுப்பு. அதற்குப் பிறகுதான் ராஜாங்கம் அந்த விதியைக் கொண்டுவந்தார்: வளவுக்குள் கொத்தனார் கால் வைக்கக் கூடாது, எவன் வீட்டுக்குக் கொத்தனார் வந்தாலும் அத்தனை பேரும் வாசலை மறிக்க வேண்டும், விட்டவனைச் சங்கம் விட்டுவிடும். கை தட்டினார்கள். மதுரையில் பதினேழு வளவுகளில் அந்த விதியை நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். தமிழ்நாட்டிலேயே முதல்முறையாக என்று அவர் பேசினார். முதல்முறைதானா என்பது தெரியாது. எடுபட்டது.

எழுபத்தாறில் நியாய வாடகை உத்தரவு வாங்கியது அவர் வாழ்க்கையின் பெரிய ஜெயம். கோர்ட்டு நிர்ணயித்ததுதான் வாடகை, ஒரு பைசா ஏற்ற முடியாது என்று வந்தபோது தாரை தப்பட்டையோடு ஊர்வலம் வந்தார்கள். அன்று ஏறாத வாடகைதான் நேற்று வரைக்கும். சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் எழும்பியிருக்கிற அடுக்குமாடியில் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்கு மாதம் என்ன வாங்குகிறார்களோ, அதற்கு இந்த ஆறு வீட்டு வாடகையும் சேர்ந்து கால் தூசு. பெருமைதான். அதில் வெட்கம் எங்கே வந்தது? எழுபத்தொன்பதில் முதலாளி செத்த பிறகு வந்தது. அதுவரை எதிரியிடம் ஒரு தொப்பையும் அரைஞாணும் சாவியும் இருந்தன. பிறகு மாதம் முதல் தேதியில் ஒரு பொம்பளை குடையோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். சௌந்தரவல்லி, தனியார் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், கல்யாணமாகாதவள், அம்மாவையும் சின்னத் தம்பியையும் வைத்துக் காப்பாற்றுகிறவள். உள்ளே வர மாட்டாள், ரசீதைத் தவறாமல் கொடுப்பாள். ஒரு முதல் தேதியில் அவரிடம், மேற்குச் சுவர் ஊறிப்போயிருக்கிறது, இந்த வாடகையில் ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கவே நான் என் சம்பளத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டாள். நீங்களே சொல்லுங்கள் என்றாள். சண்டைக்கு வரவில்லை. அவர் திரும்பி வளவைப் பார்த்தார். ஆறு கதவிலும் ஆள் நின்றார்கள். "ஒங்கப்பா கெணத்தப் பூட்டுனப்ப எங்ககிட்ட வழி கேட்டாரா?" என்றார். சிரிப்பு ஆறு கதவிலிருந்தும் வந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் சாக மாட்டோமோ என்றுகூட ஒரு பயம். அவள் குடையைச் சுருக்கினாள். வெயில் அப்படியே இருந்தது, ஏன் சுருக்கினாள் என்று நாற்பது வருடமாகத் தெரியவில்லை.

ஆறு. இந்த ஆறு. வெளியேற்ற வழக்கு என்றுதான் போன வருடத்துத் தாளிலும் இருக்கிறது, அதற்கு முந்தின வருடத்திலும். முதல் தாளை எழுதியது யார்? அவள் போட்ட மனுவை அவர் முழுதாகப் படித்திருக்கிறார். படிக்கத் தெரிந்தவர் வளவில் அவர் ஒருவர்தான், அதுதான் சங்கடம். அந்தச் சட்டத்தில் பதினான்காம் பிரிவு என்று ஒன்று உண்டு: பழுது பார்ப்பதற்காக வீட்டைக் கேட்கலாம், வேலை முடிந்ததும் அதே குடித்தனக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் கேட்டது அது. சுவரை ஒட்டிய இரண்டு வீடு மட்டும், ஒரு மாதம், திருப்பிக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அவர் அந்தக் காகிதத்தை மடித்துவிட்டுக் கூட்டத்தில் சொன்னது 'வெளியேற்ற வழக்கு'. பொய் சொல்கிறோம் என்று அப்போது படவில்லை. போன வீடு திரும்பி வந்ததாக மதுரையில் ஒரு கதை உண்டா? அப்பனைத் தெரியாதா நமக்கு? இப்படித்தான் மனசு பேசியது. இப்போதும் அது பேசுகிறது, கொஞ்சம் கெஞ்சலாக. சுவரைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட்டு ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. அவர் வருகிற நாளுக்கு மூன்று நாள் முன்னால் ராஜாங்கம் சுவரைப் போய்ப் பார்த்தார். உச்சியிலிருந்து துணி துவைக்கிற கல் வரைக்கும் ஒரு வெடிப்பு, கட்டைவிரல் நுழையும். நடுவில் புடைத்திருந்தது. சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு, வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால் குடித்தனக்காரரே அனுமதி வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம், வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் அப்படிக் கேட்டால் சுவர் பழுது என்று நாமே ஒப்புக்கொண்டது ஆகும், அவள் மனு நிற்கும். சுவர் நன்றாக இருக்க வேண்டும். ஆகவே சுவரை நன்றாக ஆக்கினார். வெடிப்புக்குள் சாக்குத் துணியைத் திணித்து, களிமண் பூசி, மொத்தச் சுவருக்கும் வெள்ளை அடித்தார்கள். சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தது பஞ்சவர்ணம். மூன்றாம் வீட்டுக்காரி, சுவருக்குப் பக்கத்து வீடு. இன்னும் கொஞ்சம் நீலம் போட்டால் பளிச்சென்று இருக்கும் அண்ணே என்று சொல்லி அவளே நீலத்தைக் கரைத்து ஊற்றினாள். முழங்கை வரை வெள்ளையாகக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கமிஷனர் வந்து நின்று பார்த்துவிட்டு, காயப்போட்டிருந்த சேலைகளை விலக்கக்கூடச் சொல்லாமல், சுவர் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடி ஆயிற்று. ராஜாங்கம் ஆறாவது வரியின் மேல் பேனாவை வைத்தார். மை ஒரு சொட்டு விட்டது. பிறகு அந்த வரியை இடமிருந்து வலமாக, ஸ்கேல் வைத்ததுபோல நேராக அடித்தார். ஒரு வரியை அடிக்க இவ்வளவுதான் நேரம் ஆகிறது.

"பெரியப்பா, ஒம்போதே முக்கா" என்று தமயந்தியின் குரல். சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருந்தாள். ஏழு, புள்ளி, வெறும் தாள். எண்பத்தொன்று ஐப்பசியில் டீச்சரம்மா கொத்தனாரை அனுப்பினாள். கோர்ட்டு தள்ளிவிட்ட பிறகும், வீடும் கேட்காமல், யாரையும் கிளப்பாமல், முற்றத்துப் பக்கமிருந்தே முட்டுக் கொடுத்துக் கட்ட. சவரிமுத்து என்று ஒரு வயசாளி கொத்தனார், ஒரு வண்டிச் செங்கல், இரண்டு சித்தாள். அவள் தன் கையில் கிடந்த வளையலை அடகு வைத்து வாங்கிய செங்கல் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். விதி விதிதான். ராஜாங்கம் வாசலை மறித்துப் படுத்தார். மற்ற ஐந்து வீட்டு ஆம்பளைகளும் வரிசையாகப் படுத்தார்கள். மேலே மழை மேகம், முதுகுக்குக் கீழே கல்லின் சில்லிப்பு, யாரோ ஒருவன் கொத்தனாரே தலையணை கொண்டாந்தீரா என்று கேட்க எல்லோரும் படுத்தபடியே சிரித்தார்கள். அப்போதுதான் பஞ்சவர்ணம் அவர் தலைமாட்டில் வந்து குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள். "அண்ணே, விட்ருங்கண்ணே. செவுரு வகுத்தத் தள்ளிக்கிட்டு நிக்கிது. ராத்திரி படுத்தா மண்ணு உதிருறது கேக்குது." படுத்திருந்த இடத்திலிருந்து அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. மூக்குத்தி கீழே, வாய் மேலே. அவர் அவள் அளவுக்குக் குரலைத் தாழ்த்தவில்லை. "ஒன் வீட்டுக்கு வேணும்னா நீ விட்டுக்க தாயி. நாளைக்கு நடுத்தெருவுல நிக்கிறப்ப சங்கம் வராது." எல்லோருக்கும் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். அவளுடைய முகம் நேராக வந்து, பிறகு இல்லாமல் போய், அந்த இடத்தில் மேகம் இருந்தது. சவரிமுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பதினோராவது நாள் பகல் மூன்று மணிக்கு, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நேரம், அவள் துவைக்கிற கல்லில் மகளின் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. லாரியில் மணல் கொட்டுகிற சத்தம். அவர் ஓடிப்போய்க் கையால் தோண்டினார், இதைச் சாட்சி சொல்ல ஆள் உண்டு, நகம் பிய்ந்து போக முதலில் தோண்டியது அவர்தான். கைக்கு வந்தது முதலில் சுண்ணாம்புப் பொருக்கு. நீலம் கூடிப்போன வெள்ளை.

மறுநாள் காலையில் நோட்டீஸ் வந்துவிட்டது. எழுதியது அவர்தான், மண்ணப்பிய விரலால். அவர் எழுதியவற்றிலேயே சிறந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். 'சுவரைக் கவனியாமல் விட்டுச் சாகடித்த கொலைகாரி.' எப்படி எழுத வந்தது? அழுதுகொண்டுதான் எழுதினார். அழுகை உண்மை, எழுத்து ஓடியது. எழுத்து ஓடினால் அதைப் பின்தொடர்ந்து போய்விடுவதுதானே அவர் பழக்கம். டீச்சரம்மாவைப் போலீஸ் வகுப்பறையிலிருந்து கூட்டிப்போனது. பள்ளிக்கூடம் அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டது. வழக்கு மூன்று வருடம் நடந்தது. கூண்டில் ஏறி ராஜாங்கம், கொத்தனார் எவரும் வரவில்லை என்றார். சவரிமுத்துவைச் சங்கத்து ஆட்கள் முந்தின வாரமே போய்ப் பார்த்திருந்தார்கள். அவரும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். அப்போது அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல் பிரிந்த இடத்தைத் தேடுகிற பார்வை அது, எந்த இடத்தில் பிரிந்தது என்று. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அதற்குள் கல்யாணமும் வேலையும் ஊர் வாயும் எல்லாம் முடிந்துபோயிற்று. பஞ்சவர்ணத்தின் புருஷன் மறு வருடமே வேறொருத்தியோடு திருப்பூர் பக்கம் போனான். நாலு வயதுப் பிள்ளையை ராஜாங்கம் தூக்கிவந்து தன் மனைவி பாக்கியத்தின் மடியில் வைத்தார். ஊரே புகழ்ந்தது. பாக்கியம் பிள்ளையை வளர்த்தாள். ஆனால் உயிரோடு இருந்த வரைக்கும் ஒரு வருடம்கூட அவள் வாசிப்பு கேட்டதில்லை. அந்த நாளில் பத்து மணி ஆனால் ரேஷன் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடை பூட்டியிருக்கிற நாளிலும் போனாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம். அன்று படுத்திருந்தவர்களில் இன்று அவரைத் தவிர யாரும் இல்லை. சவரிமுத்து இல்லை. இந்த ஒரு தலையோடு இது முடிந்துவிடும். ஏழாவது வரியை வழக்கம்போல எழுதி, வழக்கமான பெயரைச் சொன்னால், தமயந்திக்கு அம்மா அம்மாவாகவே இருப்பாள், அவர் பெரியப்பாவாகவே இருப்பார். எண்பத்தொரு வயதுக் கிழவி ஒருத்தி இன்னொரு தடவை கேட்டுக்கொள்வாள். அவளுக்குப் பழக்கம்தானே. இப்படி நினைத்ததும் அவருக்கு வாயில் சுண்ணாம்பின் காரல் வந்தது. சட்டம் தப்பில்லை. சங்கம் தப்பில்லை. கிணற்றைப் பூட்டியவன் பூட்டியவன்தான், அதை அவர் சிதையிலும் சொல்வார். ஆனால் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவனுக்கு, சுவர் சாய்ந்ததைப் பார்த்தவனுக்கு, ஒரு பெயர் உண்டு. அதை மட்டும் இத்தனை வருடமாக எந்தத் தாளிலும் எழுதவில்லை. அவர் ஏழாவது வரியைப் பழைய வாசகப்படியே எழுதினார். பொறுப்பாளி என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தார். அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் வீட்டிலிருந்து வாசலுக்கு இருபது எட்டு நடை. வழியெல்லாம் மூட்டை கட்டிய சாமான், கழற்றிய மின்விசிறி, கயிறு போட்ட பீரோ. ஆட்டோ முன்பே வந்திருந்தது. டீச்சரம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலுக்கு உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அவள் வாசலுக்கு உள்ளே வந்து அவர் பார்த்ததே இல்லை. சின்னதாகிவிட்டாள். மடியில் ஒரு துணிப்பை, அதன் வாரில் பிரிந்த தையலைக் கட்டைவிரல் தடவிக்கொண்டிருந்தது. தம்பி மகன் மைக்கைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்க, முனியசாமி இது எங்கள் வழக்கம், முடிந்ததும் சாவி என்றான். பதினைந்து பேர் இருப்பார்கள். தமயந்தி பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள், நாற்காலிக்கு நேர் எதிரே. ராஜாங்கம் வாசித்தார். ஒன்று. இரண்டு. குரல் பழைய குரல்தான், அது அவரைக் கேட்காமலே மேடைக்குப் போய்விட்டது. கிணறு என்றபோது டீச்சரம்மா தலையை ஆட்டினாள், ஆமாம் என்பதுபோல. அப்பா செய்ததை அவள் மறுக்கவில்லை. ஐந்துக்குப் பிறகு அவர் ஏழு என்றார். ஆறை விட்டுட்டீங்க என்று முனியசாமி காதோரம் முணுமுணுத்தான். அவர் நிறுத்தவில்லை. "ஏழு: 1981, ஐப்பசி இருபத்தொன்று, மேற்குச் சுவர் இடிந்து, இருபத்தாறு வயது பஞ்சவர்ணம் செத்தது. மேற்கண்டவற்றுக்குப் பொறுப்பாளி—" டீச்சரம்மாவின் விரல் நின்றது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, குனியவும் இல்லை. அடி விழப்போகிற இடத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னார்: "ராஜாங்கம்."

கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சிரித்தார், வயசாகிவிட்டது பாவம் என்கிற சிரிப்பு. தமயந்தி பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்த தாளைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தாள். "பெரியப்பா, பேரு மாறிப்போச்சு. ஒங்க பேரச் சொல்லிட்டீங்க. திருப்பி வாசிங்க" என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல.

"மாறல தாயி" என்றார். "கொத்தனார் வந்தாரு. செங்கலோட வந்தாரு. அந்தம்மாதான் அனுப்பிச்சாங்க. வாசல்ல படுத்து மறிச்சது நானு. ஒங்கம்மா விடச் சொன்னா. நான் விடல."

பேனா அவள் கையில் திறந்தே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு முதல் முறையாகத் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தாள். டீச்சரம்மா இப்போது நிமிர்ந்திருந்தாள். கோர்ட்டில் பார்த்த அதே பார்வை, ஆனால் தேடவில்லை. ராஜாங்கம் மைக்கை ஒருபக்கமாக ஒதுக்கினார். சாட்சிகள் இரண்டு பேருக்கும் கேட்டால் போதும். கோர்ட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி, ஒரு எழுத்தும் விழுங்காமல், திருப்பி வாசித்தார்.

"மேற்கண்டவற்றுக்குப் பொறுப்பாளி: ஆறாம் எண் வளவு, முதல் வீடு, சோலையப்பன் மகன் ராஜாங்கம்."